நோயாளியைத் தொடக்கூடாது என்று சொன்ன ஆஸ்பத்திரி

1. இரண்டு வாளி

முதல் நாள் காலையில் ஹெட் சிஸ்டர் லீலாமணி என்னைச் சுவரோரம் கூட்டிப்போய் இரண்டு வாளிகளைக் காட்டினார். நீல வாளி வார்டுக்கு. சிவப்பு வாளி லேபர் ரூமுக்கு. ஒன்றுக்கு ஒன்று மாற்றக்கூடாது. மாப்பைப் பிழிந்து வெயிலில் போடவேண்டும். இதையெல்லாம் சொல்லிவிட்டுப் போனவர், நான்கு அடி தள்ளிப் போய்த் திரும்பி நின்றார்.

"பின்னே ஒரு காரியம். நீ தூப்புக்காரி. ரோகிகளைத் தொடப்பாடில்லா. ஆராவது தண்ணி கேட்டால்கூட எங்களை விளிக்கணும். கேட்டோ?"

கேட்டேன். அதுவரைக்கும் இருநூறு பிள்ளைகளுக்கு மேல் இந்தக் கையில் வாங்கியவள் நான். அதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார் என்று தெரியும். வாளியைத் தூக்கிக்கொண்டு போனேன்.

திருவனந்தபுரத்தில் கோட்டைக்குப் பக்கத்துத் தெரு ஒன்றில் இருந்தது அந்தப் பிரசவ ஆஸ்பத்திரி. பன்னிரண்டு கட்டில். கரமனை அக்ரகாரத்தில் பிறந்து வளர்ந்த ஒரு டாக்டரம்மா நடத்தினார். முன்னால் நின்றால் டாக்டர், முதுகுக்குப் பின்னால் டாக்டர் மாமி. இப்போது அந்தக் கட்டடம் இல்லை. அவரும் இல்லை.

இதை இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், நான் குடியிருக்கும் ஆரியசாலைச் சந்தில் மட்டும் நான்கு பெண்கள் நர்ஸ் படித்துவிட்டு வெளிநாடு போயிருக்கிறார்கள். ஒருத்தி ஜெர்மனிக்கு, ஒருத்தி அயர்லாந்துக்கு. அடுத்த வீட்டு வினிதா போன மாதம் போனில் முகத்தைக் காட்டி அழுதாள்.

"ஆச்சி, நான் ஊர்ல அஞ்சு வருஷம் ஐசியூல நின்னவ. இங்க என்னை பெட்பான் எடுக்க விட்டிருக்கு. அவங்க பரீட்சை பாஸாகிற வரைக்கும் மருந்தையே தொடப்பிடாதாம்."

"பெட்பானைத் தொடலாமில்ல?"

"தொடலாம்."

"பெட்பான்ல என்ன இருக்குன்னு பாத்தியா?"

"ஐய, ஆச்சி" என்று போனை வைத்துவிட்டாள்.

நான் கேலிக்குக் கேட்கவில்லை. அவளுக்கு அது புரியவில்லை. புரியாதவர்கள் இன்னும் மூன்று பேர் இருக்கிறார்கள், அவர்களுக்குப் பின்னால் இன்னும் எத்தனையோ பேர் பாஷை படித்துக்கொண்டிருக்கிறார்கள். நான் மூன்றாம் வகுப்புவரை படித்தவள். எழுத்துக்கூட்டித்தான் எழுதுகிறேன். அவசரம் ஒன்றும் இல்லை.

2. கார்டு எழுதிய புண்ணியவான்

நான் பிறந்தது இலங்கையில், மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில். தோட்டத்துக்கு என்று ஒரு ஆஸ்பத்திரி இருந்தது. எட்டுக் கட்டில், ஒரு மருந்துகாரர் ஐயா, ஒரு மிட்வைஃப். மிட்வைஃப் சிங்களத்தி. நாங்கள் நோனா என்று கூப்பிடுவோம். பதினேழு வயதில் அந்த நோனாவுக்குக் கையாளாகப் போனேன். தண்ணீர் காய்ச்சுவதில் தொடங்கி, ஊசியை வேகவைப்பது, கட்டுப் போடுவது, பல்ஸ் எண்ணுவது என்று போய், மூன்றாம் வருஷம் நோனா லீவில் இருந்த ஒரு நாளில் தனியாகவே பிரசவம் பார்த்தேன். பன்னிரண்டு வருஷம் அந்த வேலை. கங்காணிமார்கூட என்னை "நர்ஸம்மா" என்றுதான் கூப்பிட்டார்கள்.

பிறகு இரண்டு சர்க்காரும் ஒப்பந்தம் போட்டு எங்களை இந்தியாவுக்கு அனுப்பினார்கள். கப்பலில் வந்து இறங்கினால் முகாமில் ஒரு மேசை. மேசைக்குப் பின்னால் ஒரு கிளார்க்கு. குடும்பத்துக்கு ஒரு கார்டு எழுதித் தருவார். அதில் என்ன தொழில் எழுதியிருக்கிறதோ அதுதான் இந்தியாவில் நமக்குத் தொழில்.

"என்ன வேலை பாத்தம்மா?"

"ஆஸ்பத்திரியில நர்ஸ் வேலைங்க."

"எந்த ஆஸ்பத்திரி?"

"தோட்டத்து ஆஸ்பத்திரிங்க."

"தோட்டமா? தோட்டம்னா கொழுந்து பறிக்கிறதுதானம்மா" என்றார். எழுதியும் விட்டார். தோட்டத் தொழிலாளி.

மருந்துகாரர் ஐயா இங்கிலீஷில் எழுதி முத்திரை குத்திக் கொடுத்த கடிதத்தை நீட்டினேன். அவர் அதை வாங்கவே இல்லை. எனக்கு முன்னால் நின்றவர் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மணி அடித்தவர். அவரும் தொழிலாளி. அந்த மேசைக்கு வந்த ஜனத்துக்கு ஒரே ஒரு தொழில்தான் இருக்க முடியும் என்று அந்த மனிதர் வீட்டிலிருந்து கிளம்பும்போதே முடிவு செய்துகொண்டு வந்திருக்கிறார். அப்படிப்பட்டவர்களுக்கு எதற்குப் பேனா? ஒரு முத்திரைக் கட்டை செய்து கொடுத்திருக்கலாம்.

என் வீட்டுக்காரர் முத்தையாவின் சொந்தக்காரர் பொன்முடி மலையில் ஒரு தோட்டத்தில் இருந்தார். அவரை நம்பி அங்கே போனோம். கார்டைப் பார்த்தார்கள், கூடையைக் கொடுத்தார்கள். பிறந்ததிலிருந்து கொழுந்து பறிக்காத நான் இருபத்தொன்பது வயதில் பறிக்கக் கற்றுக்கொண்டேன்.

அங்கேயும் ஒரு டிஸ்பென்சரி இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கடிதத்தை எடுத்துக்கொண்டு கம்பவுண்டரிடம் போனேன். அவர் வாங்கி முன்னும் பின்னும் பார்த்தார்.

"இது கத்தல்லே. சர்ட்டிபிக்கட் எவிடெ?" வெறும் கடிதம்தானே என்கிறார்.

"தோட்டத்துல சர்ட்டிபிக்கட் குடுக்க மாட்டாங்க. வேலையைத்தான் குடுப்பாங்க."

"நர்சிங் கவுன்சில் ரிஜிஸ்ட்ரேஷன்?"

"இல்லைங்க."

"எங்கில் நீ நர்ஸ் அல்ல" என்று கடிதத்தை மடித்துக் கொடுத்தார். அப்போது அவர் ஒரு பையனின் முழங்காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். புண்ணைக் கழுவாமல் கட்டுகிறார். அதை நான் சொன்னேன். அதோடு அந்த டிஸ்பென்சரிப் பக்கம் போகிற வேலை முடிந்தது.

மலைக்குளிர் முத்தையாவுக்கு ஆகவில்லை. மூச்சு இழுப்பு வந்துவிட்டது. இரண்டு வருஷத்தில் கீழே இறங்கினோம். சாலைக் கடைத்தெருவில் அணஞ்சபெருமாள் பிள்ளை என்று ஒரு மிளகாய் வத்தல் மொத்த வியாபாரி. நாஞ்சில் நாட்டுக்காரர், எல்லாருக்கும் அண்ணாச்சி. அவர் கடையில் முத்தையாவுக்கு மூட்டை இறக்குகிற வேலை கிடைத்தது. இழுப்பு உள்ளவனுக்கு மிளகாய்க் கடை. என்ன செய்வது, அதுதான் கிடைத்தது. அண்ணாச்சியின் சிபாரிசில்தான் எனக்கும் டாக்டர் மாமியின் ஆஸ்பத்திரியில் வாளி கிடைத்தது.

3. சார்ட் எழுதுகிற நர்ஸுகள்

அந்த ஆஸ்பத்திரியில் நான்கு நர்ஸுகள். நான்கு பேரும் ரிஜிஸ்ட்ரேஷன் உள்ளவர்கள். நான்கு பேருக்கும் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும்.

பிரசவம் ஆன பெண்ணின் கால்மாட்டில் ஒரு அட்டையில் சார்ட் தொங்கும். பதினைந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் பல்ஸ் எவ்வளவு, கர்ப்பப்பை இறுகியிருக்கிறதா, எத்தனை பேட் நனைந்தது என்று எழுதவேண்டும். நல்ல ஏற்பாடு. எங்கள் நோனா எழுதவே மாட்டார். வேறு ஒரு ஏற்பாடு வைத்திருந்தார். பிள்ளை பிறந்து நஞ்சுக்கொடி விழுந்ததும் பெண்ணின் அடிவயிற்றில் கையை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்காரவேண்டும். கட்டிலோடு கட்டிலாக. எழுந்திருக்கக்கூடாது. கைக்குக் கீழே கர்ப்பப்பை தேங்காய் மாதிரி கெட்டியாக இருக்கும். மாவு மாதிரி இளகினால் தேய்க்கவேண்டும். நான் ஒரு தரம் டீ குடிக்க எழுந்ததற்கு நோனா என் கையில் சுள்ளென்று ஒன்று வைத்தார். அந்த அடி எனக்குச் சர்ட்டிபிக்கட்.

இங்கே யாரும் உட்காருவதில்லை. வாசலில் நின்று, "வேதனை உண்டோ? இல்லையல்லே?" என்று கேட்பார்கள். போர்வையின் ஓரத்தைத் தூக்குவார்கள். சார்ட்டில் எழுதுவார்கள். நான் தரையைத் துடைத்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பேன். துடைப்பவளை யாரும் பார்ப்பதில்லை. அது ஒரு வசதி.

ஆறு மாதம் இப்படிப் போனது. ஒரு தடவை ஒரு பெண்ணின் டிரிப் நின்றுபோனதை நர்ஸிடம் சொன்னேன். "நினக்கு எங்ஙனெ அறியாம்?" என்று கேட்டாள். பிறகு ஹெட் சிஸ்டரிடம் சொல்லிவிட்டாள். ஹெட் சிஸ்டர் என்னைக் கூப்பிட்டு, "இன்னொரு வட்டம் ரோகியின்டெ அடுத்துப் போனால் வீட்டுக்குப் போகாம்" என்றார். டிரிப்பைச் சரி செய்தார்களா என்று கேட்காதீர்கள். அரை மணி கழித்துச் செய்தார்கள்.

4. மிளகாய்க் கடைப் பை

அண்ணாச்சியின் மருமகள் செண்பகம் பிரசவத்துக்கு வந்தாள். தலைப்பிள்ளை என்றால் தாய்வீட்டில் பெற்றிருப்பாள். இது இரண்டாவது. அதனால் மாமியார் வீட்டுப் பொறுப்பு. மாமியார் பகவதியம்மாள் கூடவே வந்து ஆறாம் நம்பர் அறையில் பாய் விரித்துவிட்டார்.

முந்தின நாளே முத்தையா என்னிடம் சொல்லியிருந்தார். "அண்ணாச்சி வீட்டு ஆளுங்க வாறாங்க. நீ அந்த ரூமுல தொடச்சோமா வந்தோமான்னு இரு. வாயைத் தொறக்காத. நம்ம ரெண்டு பேரு சோறும் அந்த ஒரு வீட்டுலதான் மாட்டிக்கிட்டுக் கெடக்கு."

"நான் எங்க வாயைத் தொறந்தேன்?"

"பொன்முடியில தொறந்தியே."

செண்பகம் காலை ஒன்பது மணிக்குப் பெற்றாள். ஆண் பிள்ளை, நல்ல கனம். டாக்டர் மாமி பார்த்துவிட்டு மாடிக்கு அடுத்த கேசுக்குப் போய்விட்டார். செண்பகத்தை அறைக்குக் கொண்டுவந்து போட்டார்கள். பதினொன்று பத்துக்கு நான் நீல வாளியோடு உள்ளே போனேன்.

பகவதியம்மாள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். தொட்டிலில் பிள்ளை தூங்கியது. செண்பகம் கண்ணை மூடியிருந்தாள். கட்டிலுக்குக் கீழே மாப்பை விட்டு இழுத்தேன். சிவப்பாக வந்தது. குனிந்து பார்த்தேன். அண்ணாச்சி கடையின் பெயர் அச்சடித்த துணிப்பை ஒன்று கட்டிலுக்கு அடியில் இருந்தது. அதன் அடியிலிருந்து கசிந்துகொண்டிருந்தது.

பையை வெளியே இழுத்தேன். பகவதியம்மாள் பாய்ந்து பிடித்தார்.

"ஏட்டி, அதைத் தொடாத. தூத்து வாரவளுக்கு இங்க என்ன ஜோலி?"

"என்னாங்கம்மா இது?"

"தீட்டுத் துணி. நீ பாக்காண்டாம்."

விஷயம் இதுதான். பிரசவத் துணி வெளியாள் கையில் பட்டால் அதை வைத்துச் செய்வினை செய்துவிடுவார்கள் என்று அவர்களுக்குப் பயம். வியாபாரக் குடும்பம். எதிரிகள் அதிகம். அதனால் ஆஸ்பத்திரி பேட் நனைந்தால் அதற்கு அடியில் வீட்டுப் பழந்துணியை வைத்து, நனைந்த துணியை யாரும் பார்க்காமல் உருவிப் பையில் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். மேலே அந்த ஒரே பேட். நர்ஸ் வாசலில் நின்று போர்வையைத் தூக்கினால் ஒரு பேட்தான் தெரியும். சார்ட்டிலும் ஒரு பேட்.

மாமியார் சாமர்த்தியசாலி, நர்ஸுகள் அதைவிடச் சாமர்த்தியசாலிகள். நடுவில் அந்தப் பெண்.

பையைப் பிடுங்கி எண்ணினேன். ஏழு துணி. ஏழும் ஊறிப்போய், கையில் எடுத்தால் கல்லாகக் கனத்தது. இரண்டு மணி நேரத்தில் ஏழு.

அப்போது செண்பகம் கொட்டாவி விட்டாள். பெரிய கொட்டாவி. "அத்தே, தண்ணி" என்றாள். மறுபடி ஒரு கொட்டாவி.

"ராத்திரி முழுக்க உறங்கல்லே, அதான்" என்றார் மாமியார்.

பெற்றவள் கொட்டாவி விட்டால் தூக்கம் என்று நினைக்காதே, துணியைத் தூக்கிப் பார் என்று நோனா சொல்வார். ரத்தம் போகப்போகத்தான் அந்தக் கொட்டாவி வரும்.

நான் பயப்படவில்லை என்று எழுதினால் பொய். ஒரு நிமிஷம் நின்றேன். தொட்டால் என் வேலை போகும். தொட்டு ஏதாவது ஆனால், துடைப்பக்காரி கை வைத்ததால்தான் மருமகள் போனாள் என்று சொல்வார்கள். முத்தையாவின் வேலையும் போகும். ஊரை விட்டே ஓடவேண்டும். ஏற்கெனவே ஒரு நாட்டை விட்டு வந்தாயிற்று. தொடாமல் வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்திருந்தால் யாரும் என்னை ஒரு கேள்வி கேட்டிருக்கமாட்டார்கள். கார்டில் அப்படித்தானே எழுதியிருக்கிறது.

மேசையில் இருந்த லோஷனைக் கையில் ஊற்றிக்கொண்டு போர்வையைத் தூக்கினேன்.

அடிவயிறு தெரியவில்லை. எட்டுமுழ வேட்டியைச் சுருட்டி வரிந்து வரிந்து கட்டியிருந்தார்கள்.

"இதை யாரு கட்டினது?"

"நாந்தான் கெட்டுனேன். கெட்டாம விட்டா வயிறு சரிஞ்சு போவும். எனக்கும் எங்க அம்மை இப்பிடித்தான் கெட்டுனா. ஏட்டி, அவுக்காதட்டி."

அவிழ்த்தேன். அவர் என் தோளில் அடித்தார். நான் அடியை வாங்கிக்கொண்டே அவிழ்த்தேன். கையை வைத்தால் கெட்டியாக ஒன்றும் கிடைக்கவில்லை. மாவு. கர்ப்பப்பை எங்கே முடிகிறது என்றே தெரியாமல் தொளதொளவென்று தொப்புளுக்கு மேலே ஏறி நின்றது. வட்டமாகத் தேய்த்தேன். கட்டி கட்டியாக வெளியே வந்து விழுந்தது. அதைப் பார்த்ததும் பகவதியம்மாள் அடிப்பதை நிறுத்திவிட்டார்.

"பிள்ளையை எடுத்து மார்ல போடுங்கம்மா. பால் குடிச்சா இறுகும். போடுங்க" என்றேன். போட்டார். அதற்குப் பிறகு சத்தம் போட்டு சிஸ்டரைக் கூப்பிட்டேன்.

5. சார்ட் நார்மல்

லீலாமணி சிஸ்டர் ஓடிவந்தார். என் கை இருக்கிற இடத்தைப் பார்த்தார்.

"எடி, நீ என்னா செய்யுந்நே? தொடலாம்னு உன்னோடு ஆரு பறஞ்சு?"

"சிஸ்டர், கர்ப்பப்பை இளகிக் கெடக்கு. ஏழு துணி நனைஞ்சிருக்கு. டாக்டரைக் கூப்பிடுங்க."

அவர் முதலில் எங்கே பார்த்தார் தெரியுமா? செண்பகத்தை இல்லை. கால்மாட்டுக்குப் போய்ச் சார்ட்டை எடுத்துப் பார்த்தார்.

"நோக்கு. எல்லாம் நார்மல் ஆணு."

"சார்ட் நார்மல்தான் சிஸ்டர். பொண்ணைப் பாருங்க."

என் கையைப் பிடித்து இழுத்து எறிந்தார். இழுத்த உடனே மறுபடி பாய்ந்தது. மெத்தையில் ஊறியது. அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. நான் கையைத் திரும்ப வைத்தேன். இந்தமுறை அவர் இழுக்கவில்லை. சத்தம் கேட்டு மாடியிலிருந்து டாக்டர் மாமியே இறங்கி வந்தார். வந்தவர் வாசலில் நிற்கவில்லை. நேராகக் கட்டிலுக்கு வந்து கண் இமையை இழுத்துப் பார்த்து, பல்ஸைப் பிடித்தார்.

"நூத்தி முப்பது. எர்கோமெட்ரின் கொண்டா. டிரிப்பைத் திற. கால்பக்கம் கட்டிலைத் தூக்கு." பிறகு என்னைப் பார்த்தார். "யாருடி நீ?"

நான் கையை எடுக்கப்போனேன்.

"கையை எடுக்காதே. அப்படியே வெச்சிண்டிரு. எடுத்தா பொண்ணு போயிடுவா."

வைத்துக்கொண்டிருந்தேன். ஊசி போட்டார்கள். டியூபால் சிறுநீரை எடுத்தார்கள். கைக்குக் கீழே கொஞ்சம் கொஞ்சமாக அது திரண்டு இறுகியது. தேங்காய். அந்தக் கெட்டியை மூன்று வருஷத்துக்குப் பிறகு தொட்டேன். பிற்பாடு இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். அதில் ஒன்று அண்ணாச்சி கடையில் மூட்டை தூக்குகிற ஒருவர் கொடுத்தது. யார் என்று மாமியாருக்குச் சொல்லவில்லை.

ஆபத்து தாண்டியதும் டாக்டர் மாமி சார்ட்டைக் கையில் எடுத்தார்.

"இவ்வளவு ரத்தம் போயிருக்கு. யாரும் பாக்கலையா?"

"ஞான் பதினஞ்சு மினிட்டுக்கு ஒருக்க நோக்கி எழுதிட்டுண்டு டாக்டர். வீட்டுக்காரர் துணியை ஒளிச்சு வச்சால் ஞங்ஙள் என்னா செய்யும்?" என்றார் லீலாமணி சிஸ்டர். அதுவும் நியாயம்தானே என்பதுபோல மற்ற நர்ஸுகள் தலையாட்டினார்கள். பழி முழுக்கப் பையின் தலையில் விழப்போகிறது. பகவதியம்மாள் அழ ஆரம்பித்துவிட்டார்.

எனக்கு இங்கிலீஷ் எழுத்து வராது. எண் வரும். பன்னிரண்டு வருஷம் தெர்மாமீட்டரும் கடிகாரமும் பார்த்தவளுக்கு எண் வராமல் இருக்குமா? நான் நின்ற இடத்திலிருந்து சார்ட்டின் இடது ஓரம் தெரிந்தது.

"டாக்டரம்மா, அதுல கடைசியா எத்தனை மணின்னு போட்டிருக்கு?"

அவர் பார்த்தார். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று நாற்பது.

"லீலாமணி" என்றார், மெதுவாக. "பன்னண்டரைக்கு இவ பல்ஸ் எழுபத்தெட்டுன்னு எழுதியிருக்கியே. கர்ப்பப்பை கெட்டியா இருக்குன்னும் இருக்கு. பன்னண்டரைக்கு இன்னும் அம்பது நிமிஷம் இருக்கேடி."

பகவதியம்மாள் அழுகையை நிறுத்திக் கடிகாரத்தைப் பார்த்தார்.

ஒன்பது மணிக்கே உட்கார்ந்து, சாப்பாட்டு நேரம்வரைக்கும் சேர்த்து ஒரே மூச்சில் எழுதி வைத்திருக்கிறார். நான்கு பேருக்கும் அதுதான் வழக்கம். பத்துப் பெண்களில் ஒன்பது பேருக்கு ஒன்றும் ஆகாது. அதனால் ஒன்பது சார்ட்டும் சரியாகவே இருக்கும். இதற்குத்தான் ரிஜிஸ்ட்ரேஷன், இதற்குத்தான் கவுன்சில். எனக்கு எழுத வராது என்பதால் தொடக்கூடாது. இவர்களுக்கு எழுத வரும் என்பதால் தொடத் தேவையில்லை.

6. திமிர்

மறுநாள் டாக்டர் மாமி என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். லீலாமணி சிஸ்டரும் நின்றுகொண்டிருந்தார். வேலையை விட்டு எடுக்கவில்லை. அழுது காலில் விழுந்திருப்பார் போல. கண் வீங்கியிருந்தது.

"எங்கேடி கத்துண்டே?"

சொன்னேன். கடிதத்தையும் கொடுத்தேன். அந்தக் கடிதத்தை இந்த நாட்டில் முழுக்க வாசித்த முதல் ஆள் அவர்தான். வாசித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றினார்.

"சரி. நாளைலேர்ந்து பெத்தவா பக்கத்துல நீ உக்காரு. கூட்டித் துடைக்கிறதையும் பாத்துக்கோ."

"டாக்டர்" என்றார் லீலாமணி சிஸ்டர். "அவளுக்கு ரிஜிஸ்ட்ரேஷன் இல்லா. எழுதவும் அறியில்லா."

"எழுதத் தெரிஞ்சவா நாலு பேர் இருக்கேளே. ஒருத்தியாவது தொட்டுப் பாக்கட்டும்."

அத்தோடு நான் தலையாட்டிவிட்டு வந்திருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் வந்திருப்பார்கள். நான் நின்றேன்.

"அம்மா, வாளியையும் தூக்கிக்கிட்டு அதே கையால வயித்தையும் பாக்க மாட்டேங்க. ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டினார். "திமிர் ஜாஸ்திடி நோக்கு."

"ஆமாங்க."

கூட்டித் துடைக்க வேறு ஆள் வந்தது. ரிஜிஸ்டரில் என்னை எப்படி எழுதினார்கள் என்று நான் கேட்கவில்லை. நர்ஸ் என்று எழுத முடியாது, சட்டம் இருக்கிறது. ஊசி போடவும் எனக்கு அனுமதி கிடையாது. அதை ஒத்துக்கொண்டேன். இங்கே உள்ள மருந்துகளின் பெயர் எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று சொல்வதில் எனக்கு ஒரு குறைச்சலும் இல்லை. வெள்ளைச் சேலை கட்டி, பெற்றவள் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். டாக்டர் மாமி ஆஸ்பத்திரியை மூடுகிற வரைக்கும் இருபத்தாறு வருஷம் உட்கார்ந்தேன்.

செண்பகம் பிழைத்தாள். பகவதியம்மாள் சாலைத் தெரு முழுக்க ஒரு கதை சொன்னார். தான் வேட்டியை இறுக்கிக் கட்டியதால்தான் மருமகளின் உயிர் உள்ளே நின்றதாம். எட்டுப் பேர் கேட்டு ஆமாம் என்றார்கள். அண்ணாச்சி முத்தையாவிடம் அரைக் கிலோ வத்தல் கொடுத்துவிட்டார். உயிருக்கு அரைக் கிலோ. நல்ல வத்தல்தான், குண்டூரிலிருந்து வந்தது.

வெளிநாடு போகிற பெண்களுக்கு நான் சொல்ல இருப்பது பெரிதாக ஒன்றுமில்லை. புது நாட்டில் உங்கள் பேப்பரைப் பார்க்கிறவர்கள் பார்க்கட்டும், பார்க்காதவர்கள் போகட்டும். பரீட்சை வைத்தால் எழுதுங்கள். நான் எழுத முடியாதவள், நீங்கள் எழுதலாம். அதுவரைக்கும் பெட்பானைக் கொடுத்தால் பெட்பானை எடுங்கள். ஆனால் என்ன நிறம், எவ்வளவு, எத்தனை தரம் என்று பார்த்துக்கொண்டே எடுங்கள். அதைப் பார்க்காமல், ஐயோ நான் ஐசியூவில் நின்றவளாயிற்றே என்று அழுதுகொண்டே எடுத்தால், நீங்கள் உண்மையிலேயே பெட்பான் எடுக்கிறவர்தான். அவர்கள் சரியாகத்தான் வைத்திருக்கிறார்கள்.

அந்த வருஷக் கடைசியில் லீலாமணி சிஸ்டரின் சொந்தத் தங்கை பிரசவத்துக்கு வந்தாள். பிள்ளை பிறந்துவிட்டது. நான் அடுத்த அறையில் உட்கார்ந்திருந்தேன். சிஸ்டர் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவும் இல்லை, போகவும் இல்லை.

"பாக்கியம்" என்றார். அதுவரைக்கும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "என்டெ அனியத்தியாணு. ஒண்ணு வந்து தொட்டு நோக்குமோ?"

"சார்ட் எழுதியாச்சா சிஸ்டர்?"

அவர் தரையைப் பார்த்தார். "இல்லா. ஒண்ணும் எழுதியிட்டில்லா."

"அப்ப வாறேன்" என்றேன்.